மாமியார் முகம் திருப்பினால்

பூனைச் சாப்பாட்டைப் பற்றி என் அண்ணிக்குத் தெரிந்த அளவுக்கு எந்தக் கால்நடை டாக்டருக்கும் தெரியாது. ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டதல்ல, அடி வாங்கிக் கற்றுக்கொண்டது. வீட்டில் இரண்டு பூனைகள். தட்டில் வைத்ததைப் பூனை தின்னாவிட்டால் என் அண்ணன் அண்ணியைப் போட்டு அடிப்பான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, அதற்கான பொறுமையும் கிடையாது.

அண்ணன் கறிக்கடையில் வெட்டுகிறவன். அதே கடையில் கறியை எடை போட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது என் வேலை. இருப்பதும் ஒரே வீடு. கீழே அவர்கள் இரண்டு பேர், மாடியில் ஒற்றை அறையில் நான். கட்டினவன் சரியில்லை என்று பெட்டியோடு நான் வந்து நின்றபோது அந்த அறையைத் திறந்துவிட்டவன் அண்ணன்தான். அதை ஒரு நாளும் அவன் மறக்கவிட்டதில்லை. எனக்கு வாயாடி என்று பெயர் வைத்ததும் அவன்தான். பொய்யில்லை, கடைக்கு வருகிற யாரையும் நான் விடுவதில்லை. "கொழுப்பு வேணாம்மா" என்று யாராவது சொன்னால், "கறியில குறைக்கலாம், உங்களுக்குக் குறைக்க எனக்கு நேரமில்ல" என்பேன். அப்பேர்ப்பட்ட வாய், கீழ்வீட்டில் சத்தம் கிளம்பினால் மட்டும் ஒட்டிக்கொள்ளும். ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொள்வேன். ஆமாம், அப்படித்தான் செய்தேன், ஏழு வருஷம்.

அண்ணி ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற இடத்தில் வேலை பார்த்தாள். நெட்டையான ஒல்லி உடம்பு. இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டிய படுக்கை விரிப்பை, ஒரு முனையைத் தாடைக்கடியில் செருகிக்கொண்டு, ஒரே ஆளாக நாலு உதறலில் மடித்துவிடுவாள். விடியற்காலை வேலைக்குப் போய்ப் பகல் ஒரு மணிக்குத் திரும்பிவிடுவாள். சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். இடது பக்கம் மேல் வரிசையில் ஒரு பல் இருக்காது. பூனை ஒரு நாள் ஈரலைத் தொடாமல் எழுந்து போனதற்கு விழுந்த பல் அது.

பூனைகள் கடையிலிருந்து வந்தவை. எலித் தொல்லை என்று முதலாளி இரண்டு குட்டிகளைக் கொண்டுவந்து விட்டார். எலி வந்தால் இரண்டும் மரியாதையாக ஒதுங்கி வழி விட்டன. தண்டச்சோறு, துரத்திவிடு என்றார் முதலாளி. துரத்த வேண்டிய ஆள் என் அண்ணன். அவன் இரண்டையும் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். செம்பட்டைக் கடுவனுக்குத் துரை என்று பெயர். அது நடக்கிற நடையே அப்படி. சாம்பல் நிறப் பெட்டைக்கு மாமியார் என்று நான்தான் பெயர் வைத்தேன். எதை வைத்தாலும் ஒரு முறை மோந்து பார்க்கும். பிடிக்கவில்லையென்றால், அசிங்கத்தின் மேல் மண்ணைத் தள்ளுவது மாதிரி, முன்னங்காலால் தட்டைச் சுற்றித் தரையைப் பிராண்டும். பிறகு முகத்தை ஒரு திருப்புத் திருப்பும் பாருங்கள், பெற்ற தாய் சமைத்திருந்தாலும் கூனிக் குறுகிப் போவாள்.

துரைக்கு ஈரல். வேகவைத்த ஈரல். வெந்த தண்ணீர் ஒரு சொட்டுக்கூடத் தட்டில் இருக்கக் கூடாது. ஒரு மாதம் அதையே விழுந்து விழுந்து தின்னும். அடுத்த மாதம் ஈரலைப் பார்த்தால் காத தூரம் ஓடும். அப்போது கழுத்துக்கறி. மாமியாருக்குப் பச்சை இதயம், பொடியாக நறுக்கியது, ஆனால் குளிர்ப்பெட்டியில் இருந்து வந்த சில்லிப்பு இருக்கக் கூடாது. அண்ணி அதைக் கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். விரலிடுக்கில் ரத்தம் கசிந்து முழங்கை வரை வழியும்.

"அப்பவே அடிச்ச எலி எவ்வளவு சூடா இருக்குமோ அவ்வளவு சூடு இருக்கணும்" என்று எனக்கு விளக்குவாள். "கிண்ணத்துல வச்சா மீசை இடிக்கும், அதுக்கு ஆகாது. தட்டையான தட்டு. தண்ணி பக்கத்துல இருக்கக் கூடாது. துரை திங்கறது மாமியார் கண்ணுல படக் கூடாது."

"பேசாம ரெண்டுக்கும் ஒரு ஓட்டல் போட்டுக் குடுத்துடுங்க அண்ணி" என்பேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு அண்ணன் வருவான். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் தட்டுகளைத்தான் பார்ப்பான். காலியாக இருந்தால் குளிக்கப் போவான். இல்லாவிட்டால் குரல் கிளம்பும்.

"என்ன வச்ச?"

"ஈரல்தாங்க."

"ஈரல் வச்சா ஏன் திங்கல?"

"தெரியலைங்க. நேத்து இதையேதான் தின்னுச்சு."

"அப்ப பூனை பொய் சொல்லுதா?"

அவள் பேசாமல் இருந்தால் திமிர் என்று அடி. பேசினால் எதிர்த்துப் பேசுகிறாள் என்று அடி. அந்தத் தட்டையே எடுத்து முகத்தில் அடிப்பான். ஈரல் சுவரில் ஒட்டும். முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் தேய்த்து, "நீ தின்னு, நீ தின்னு காட்டு" என்பான். நாள் முழுக்க எலும்பு வெட்டுகிற கை அது. அவன் சும்மா தோளில் தட்டினாலே எனக்கு இரண்டு நாள் வலிக்கும். பூனைகள் இரண்டும் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவற்றின் கழுத்தைத் திருகிப் போட வேண்டும் என்று எனக்கு வெறி வரும். கழுத்தைத் திருக வேண்டிய ஆள் வேறு என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

பூனைக்கு ஊட்டுவதில் அவனுக்கும் ஒரு பங்கு இருந்தது. குளித்துவிட்டு வந்து மாமியாருக்கு முதல் வாய் அவன்தான் கொடுப்பான், இடது கையில் வைத்து. உள்ளங்கையை விரித்துத் தரையோடு வைத்தால் மாமியார் வந்து அவன் விரல்களுக்கு நடுவில் மூக்கை நுழைத்துத் தின்னும். அந்த ஒரு நிமிஷம் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பச்சைப் பிள்ளை மாதிரி இருக்கும். உயிரோடு ஒரு பிராணி அவன் கையைத் தேடி வந்தது அங்கே மட்டும்தான். அவனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

இப்படி இருக்கும்போது சுகாதார ஆய்வாளர் கடைக்கு வந்தார். வெட்டுகிறவர்கள் கறியைப் பிடிக்கிற கையில் இரும்பு வளையத்தால் பின்னின கையுறை போடுவார்கள். கத்தி நழுவினாலும் விரல் தப்பிக்கும். வேலை முடிந்ததும் அந்தக் கையுறையைக் கிருமிநாசினித் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். பழைய மருந்து சரியில்லை என்று ஆய்வாளர் சொல்லிவிட்டுப் போக, முதலாளி புதிதாக ஒரு கேன் வாங்கி வைத்தார். அன்று சாயங்காலம் அண்ணன் உள்ளங்கையை விரித்தான். மாமியார் வந்தது, மோந்தது, தரையைப் பிராண்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டது.

அண்ணி வைத்த தட்டிலிருந்து பிறகு அது நன்றாகத் தின்றது. அங்கேதான் வந்தது வினை.

"என் கையில திங்காது, உன் தட்டுல திங்குதா? என்னடி பண்ணி வச்சிருக்க?"

முதல் நாள் கன்னத்தோடு போயிற்று. இரண்டாம் நாள் அலமாரிக் கதவில் அவள் தலையை மோதினான். கண்ணாடி நொறுங்குகிற சத்தம் என் ரேடியோவைத் தாண்டிக் கேட்டது. மூன்றாம் நாள் மணிக்கட்டைப் பின்பக்கமாக முறுக்கினான். அவள் கத்தினாள். ஏழு வருஷத்தில் அவள் வாய் விட்டுக் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். பாதிப் படி இறங்கினேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் பெட்டியைத் தூக்கித் தெருவில் வீசுவான் என்ற பயம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவுதான் என் வீரம்.

மறுநாள் அண்ணியே படியேறி வந்தாள். காது வீங்கித் தொங்கியது. மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள்.

"ஒரு உதவி செய்யிறியா?" என்றாள். "அவர் கையுறைய நாளைக்குக் கொஞ்சம் மோந்து பாத்துட்டு வர்றியா?"

மோந்து பார்த்தேன். எலுமிச்சை வாசனை தூக்கியடித்தது. வந்து சொன்னதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எலுமிச்சைன்னா பூனைக்கு ஆகவே ஆகாதே! எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?" ஏதோ அவள்தான் தப்புச் செய்த மாதிரி.

அன்றைக்கு அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் முந்திக்கொண்டு சொன்னாள். நான் படியில் நின்று கேட்டேன். "உங்க கையில எலுமிச்சை வாசனைங்க. அந்தக் கையுறைத் தண்ணியில இருந்து வருது. கொஞ்சம் மாவு தர்றேன், தேய்ச்சுக் கழுவினா போயிடும்." அவ்வளவுதான் அவள் சொன்னது. எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன்.

என் அண்ணன் மாவு தேய்க்கிற ஆளா? மறுநாளிலிருந்து கையுறையை ஆணியில் மாட்டிவிட்டு வெறுங்கையில் கறியைப் பிடித்தான். "கையுறை எங்கப்பா?" என்றார் முதலாளி. "பதினெட்டு வருஷமா வெட்டுறேன், என் கை எனக்குத் தெரியும்" என்று கத்தியை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னான். முதலாளி அதற்கப்புறம் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

இரண்டு நாளில் வாசனை போனது. மாமியார் வந்து விரலிடுக்கில் மூக்கை நுழைத்துத் தின்றது. வீடு அடங்கியது. பதினோரு நாள் கீழே ஒரு சத்தம் கிடையாது. அண்ணியின் காது பழைய அளவுக்கு வந்தது. கன்னத்துக் கறுப்பு மஞ்சளாகி மறைந்தது. ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த நான் எதற்கோ இறங்கிப் போனால், தரையில் பாயை விரித்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பகலில் தூங்கி நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்தப் பதினோரு நாளும் எடை மேடையில் நின்றுகொண்டு அவன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டுக்கத்தி இறங்குகிற இடத்துக்கும் அவன் விரலுக்கும் நடுவில் ஒரு விரற்கடை. சில சமயம் அதுவும் இல்லை. "கையுறைய மாட்டுடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மாட்டுவான் என்றுகூட இல்லை, ஆனால் சொல்லியிருக்கலாம். மாட்டினால் பூனை முகத்தைத் திருப்பும், அண்ணிக்கு விழும், அதனால் சொல்லவில்லை. இது பாதி உண்மை. மீதிப் பாதி, போகட்டும் என்று நினைத்தேன். அந்தக் கை போகட்டும். அவன் என் கூடப் பிறந்தவன், எனக்குத் தங்க இடம் கொடுத்தவன். ஒவ்வொரு தடவை கத்தி இறங்கும்போதும் நான் அதையேதான் நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் கடையில் நெரிசல். யாருக்கோ விருந்தாம், முழு முழுத் தொடையாக வெட்டிக்கொண்டிருந்தான். நான் முதுகைக் காட்டிக்கொண்டு எடை பார்த்தேன். வெட்டுக்கத்தியின் சத்தத்தை வைத்தே எலும்பா, மூட்டா, கட்டையா என்று நான் சொல்லிவிடுவேன். அப்போது கேட்டது அந்த மூன்றில் எதுவும் இல்லை. ஈரக் குச்சியை ஒடித்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பிறகு வரிசையில் நின்றிருந்த பெண் அலறினாள்.

மூன்று விரல்கள். சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரலில் பாதி. அவன் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோபமாக, யாரோ அவனை ஏமாற்றிவிட்ட மாதிரி பார்த்துக்கொண்டு நின்றான். ரத்தம் கூரை விளக்கு வரைக்கும் அடித்தது. முதலாளி சுருண்டு விழுந்தார். எனக்குக் கை நடுங்கவில்லை, அதுதான் கொடுமை. கட்டை மேல் கிடந்த விரல்களைப் பொறுக்கினேன். காகிதத்தில் வைத்து மடித்தேன். மடித்து, என்னையறியாமல், எடை மேடையில் வைத்துவிட்டேன். எண் ஓடி நின்றது. அந்த எண் என்னவென்று யாருக்கும் சொல்லப் போவதில்லை.

பிறகு காகிதத்தைப் பிரித்து, ஒரு தட்டு நிறைய ஐஸ் அள்ளி, விரல்களை அதற்குள் ஆழப் புதைத்து, மேலேயும் ஐஸைக் கொட்டி அழுத்தி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் தட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"ஐஸ்ல நேரா போட்டது யாரு?"

"நான்தான்."

"துணியில சுத்தி, பையில போட்டு, அந்தப் பையைத்தாம்மா ஐஸ் மேல வைக்கணும். நேரா வச்சா சதை செத்துடும். இனி ஒட்ட வைக்க முடியாது."

"கறிக்கடையில வேலை பாக்குறேன் டாக்டர். கெட்டுப் போகாம இருக்க நாங்க அப்படித்தான் வைப்போம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார். கையுறை விஷயத்தில் நான் பாவிதான். ஐஸ் விஷயம் எனக்குச் சத்தியமாகத் தெரியாது. இதை நம்புகிறவர்கள் நம்புங்கள்.

ஆறாம் நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தான். இடது கையில் தலையணை மாதிரிக் கட்டு. நாற்காலியில் உட்கார்ந்தான். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மாமியார் எங்கிருந்தோ வந்தது. அவன் குனிந்து அந்தக் கட்டுப் போட்ட கையைத் தரையோடு நீட்டினான். அது மோந்து பார்த்தது. மருந்து நாற்றம். தரையைப் பிராண்டிவிட்டுத் திரும்பிக்கொண்டது.

என் அண்ணன் அழுவான் என்று நினைத்தேன். எழுந்தான். கதவுக்குப் பின்னால் இருந்த தரை துடைக்கிற கட்டையை வலது கையால் எடுத்தான்.

"கை நாறுதுன்னு சொன்னவ நீதானடி."

முதல் அடி அண்ணியின் தோளில் விழுந்தது. இரண்டாவது முதுகில். அவள் சுவரோரமாகச் சரிந்தாள். இந்த முறை நான் படியில் உட்காரவில்லை. எப்படி உள்ளே போனேன் என்று எனக்கே தெரியாது.

"அவ இல்லடா, நான்!" என்று கத்தினேன். "பதினோரு நாள் உன் வெறுங்கையைப் பாத்துக்கிட்டே நின்னேன். வாயத் திறக்கல. வெட்டிக்கட்டும்னுதான் நின்னேன். அடிக்கணும்னா என்னை அடி!"

அடித்தான். கட்டை என் முழங்கையில் பட்டபோது எலும்பு விட்டுப்போன சத்தம் எனக்கே கேட்டது. தொழில் தெரிந்தவளாயிற்றே. விழுந்த என்னை வயிற்றில் உதைத்தான். "தங்கச்சியாடி நீ, தங்கச்சியாடி?" என்று ஒவ்வொரு உதைக்கும் கேட்டான். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

திடீரென்று உதை நின்றது. அண்ணி அவன் பின்னாலிருந்து அந்தக் கட்டுப் போட்ட கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஈர விரிப்பைப் பிழிகிற பிடி. பிழிந்தாள். வெள்ளைக் கட்டு சிவந்தது. அவன் போட்ட அலறலில் துரை அலமாரி மேல் பாய்ந்து ஏறியது. முட்டி போட்டு விழுந்தான். அவள் விடவில்லை. கட்டையால் அவள் காலில் அடித்துப் பார்த்தான். அப்போதும் விடவில்லை. கட்டை தானாக அவன் கையிலிருந்து விழுந்தது.

"விடுடி... செத்துடுவேன்டி..."

"சாகுங்க" என்றாள் அண்ணி. கடைசி வரைக்கும் அந்த 'ங்க' மட்டும் போகவில்லை. அவன் கண் மேலே செருகி மயங்கிச் சாய்ந்த பிறகுதான் கையை எடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சொன்னாள். என்னை எழுப்பி உட்கார வைத்து முகத்தைத் துடைத்தாள். பூனைகளை ஒரு கூடையில் போட்டு மூடினாள்.

"இந்தச் சனியனுங்க எதுக்கு அண்ணி?"

"அதுங்க என்ன பண்ணுச்சு? பிடிக்கலைன்னா திங்கல. அவ்வளவுதானே?"

என் கையைச் சரி செய்துகொண்டு, அவள் வேலை பார்க்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு அறை பிடித்தோம். ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு, இரண்டு பாய். அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான் என்று முதலாளி சொன்னார், எங்கே என்று நான் கேட்கவில்லை. கதவில் உள்பக்கம் நல்ல தாழ்ப்பாளாக ஒன்று போட்டேன். அண்ணி அதைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தாள். முதல் இரண்டு நாள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள், வாயைப் பொத்தாமல்.

புது இடமென்று பூனைகள் எங்கள் துணி மூட்டைக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தன. மூன்றாம் நாள் மத்தியானம் நான் கடையிலிருந்து நல்ல இதயமாகப் பார்த்துக் கொண்டுவந்தேன். அண்ணி அதைப் பொடியாக நறுக்கி, கைக்குள் மூடிச் சூடேற்றி, தட்டையான தட்டில் பரப்பி வைத்தாள். மாமியார் மெதுவாக வெளியே வந்தது. மோந்தது. தரையைப் பிராண்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மூட்டைக்குப் பின்னால் போய்விட்டது.

சரி, தட்டை எடுத்து வைக்கலாம், அப்புறம் கொடுத்தால் போகிறது என்று அவளைத் தாண்டி என் நல்ல கையை நீட்டினேன்.

அண்ணி சட்டென்று சுருண்டுவிட்டாள். முட்டியை மடக்கி, தலையைக் குனிந்து, இரண்டு முழங்கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

நீட்டின கையை இழுத்துக்கொண்டேன். "அண்ணி, நான்தான். நான்தான் அண்ணி. இங்க வேற யாரும் இல்ல" என்றேன்.

"தெரியும்மா. நீதான்னு தெரியும்" என்று முழங்கைக்கு உள்ளிருந்து சொன்னாள். கைகளை மட்டும் அவள் இறக்கவில்லை.